செடிக்குள் விளையும் பிளாஸ்டிக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மரபணு மாற்றிய செடியிலேயே மட்கும் பிளாஸ்டிக் உருவாகிறது என்று படித்தேன். கடைகளில் ‘மக்காச்சோளப் பை’ என்று தருகிறார்களே, அது இதுதானா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. அந்தப் பைகளில் மக்காச்சோளம் வெறும் மூலப்பொருள்தான். அதன் மாவுச்சத்தை வேறு பாலிமரோடு (பிளாஸ்டிக்குக்கு அடிப்படையான நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருளோடு) கலந்தோ, அதைச் சர்க்கரையாக்கி நுண்ணுயிர்களால் லாக்டிக் அமிலமாக மாற்றியோ ஆலையில்தான் பிளாஸ்டிக் செய்கிறார்கள். நீங்கள் படித்த முறையில் பாலிமரே செடியின் செல்லுக்குள் நுண்மணிகளாகச் சேர்கிறது.

அதன் பெயர் பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாகப் பி.எச்.பி. பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் மோரிஸ் லெமுவாஞ் 1926-இல் பாக்டீரியாவில் இதைக் கண்டறிந்தார். நம் உடல் கொழுப்பைச் சேர்ப்பதுபோலச் சில பாக்டீரியாக்கள் இதைச் சேமிப்பாக வைத்துக்கொள்கின்றன. உலர் எடையில் 80 சதவீதம்வரைகூடச் சேர்ப்பவை உண்டு. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இவ்வகைப் பாலிமரை ‘பயோபால்’ என்ற பெயரில் தயாரித்தது. 1990-இல் ஜெர்மனியில் வெல்லா ஷாம்பூ அதனால் செய்த புட்டியில் விற்பனைக்கு வந்தது. ஆனால் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை ஊட்டி, பெரும் தொட்டிகளில் வளர்த்து எடுக்கும் இப்பொருளின் விலை சாதாரணப் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு வளரும் செடியிடமே இந்த வேலையைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது.

கேள்வி: அப்படியானால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது ஏன் விவசாயியின் வயலுக்கு வரவில்லை? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மரபணுவைச் செலுத்துவது இதில் எளிய பகுதி. எல்லாத் தாவரச் செல்லிலும் இருக்கும் அசிட்டைல் கோ-ஏ என்ற பொருளிலிருந்து பி.எச்.பி.யை உண்டாக்க மூன்று நொதிகள் போதும். அவற்றில் முதலாவது செல்லின் சைட்டோபிளாசத்தில் ஏற்கெனவே இருப்பதால், 1992-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இவ் பொய்ரியே, கிறிஸ் சொமர்வில் குழுவினர் மற்ற இரண்டுக்குமான பாக்டீரிய மரபணுக்களை மட்டும் கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸ் செடியில் புகுத்தினார்கள். பாலிமர் உருவானது, ஆனால் மிகச் சொற்பமாக. செடியும் குன்றிப்போனது. 1994-இல் அதே ஆய்வாளர்கள், கொழுப்பு அமிலம் தயாராகும் இடமும் அசிட்டைல் கோ-ஏ மிகுந்த இடமுமான பசுங்கணிகங்களுக்குள் மூன்று நொதிகளையும் அனுப்பியபோது, இலையின் உலர் எடையில் 14 சதவீதம்வரை கிடைத்தது. 2000-இல் ஜெர்மனியில் ஒரு குழு அதை 40 சதவீதம்வரை உயர்த்திக் காட்டியது. எண்ணைப் பார்த்தால் பிரமிப்புதான். அந்தச் செடிகள் வளர்ச்சி குன்றியிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செடி பிடிக்கும் கார்பனில் பாலிமருக்குப் போகும் பங்கு வளர்ச்சிக்கான பங்கிலிருந்து கழிகிறது என்பதால், மரபணுப் பொறியாளரின் வெற்றி விவசாயியின் விளைச்சல் இழப்பாக முடியக்கூடும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கரும்பு உதாரணம் எளிதில் விளங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பி.எச்.பி. கரும்பு நன்றாகவே வளர்ந்தது. ஆனால் இலையில் கிடைத்தது உலர் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆலைக்குப் போவது தண்டு. பாலிமர் இருப்பதோ தோகையில். தோகையைத் தனியே அள்ளி, உலர்த்தி, கரைப்பான் ஊற்றி, இரண்டு பங்கைப் பிரிக்க மீதித் தொண்ணூற்றெட்டையும் கையாள வேண்டும்.

இந்தப் பிரித்தெடுக்கும் செலவுதான் என் கணிப்பில் உண்மையான முட்டுக்கட்டை. மான்சாண்டோ நிறுவனம் பயோபாலை வாங்கி, கடுகினச் செடிகளில் முயன்று, 2001-இல் மெட்டபாலிக்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அத்துறையை உள்ளிருந்து அறிந்த கெர்ன்கிராஸ், ஸ்லேட்டர் ஆகியோர் 2000-இல் கணக்கிட்டபோது, மக்காச்சோளத் தட்டையில் விளைவித்து எடுக்கும் ஒரு கிலோ பாலிமருக்கு, அதே அளவு பாலிஎத்திலீனுக்கு ஆகும் 29 மெகாஜூலைவிட 300 சதவீதம் கூடுதலான புதைபடிவ ஆற்றல் தேவை என்று தெரிந்தது. மட்கும் பொருளைச் செய்ய அவ்வளவு எரிபொருளை எரிப்பதில் பொருளில்லை.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது எண்ணெய்வித்து வழி. கடுகுக் குடும்பத்துக் கேமலினாவின் விதையில் 15 சதவீதம்வரை பி.எச்.பி. சேர்ந்ததை மெட்டபாலிக்ஸ் 2015-இல் வெளியிட்டது. எண்ணெய்க்காக விதை எப்படியும் ஆலைக்கு வருகிறது. அங்கேயே பாலிமரையும் பிரிக்க முடிந்தால் செலவு பங்காகும். இதிலும் விலை உண்டு: எண்ணெயளவு குறைந்தது, புரதம் குறையவில்லை. முளைப்பும் நாற்றின் பிழைப்பும் மரபணு மாற்றிய சில வகைகளில் பாதிக்கப்பட்டன. வித்திலைகளை அடுத்து மெய்யிலைகள் வந்த பிறகு செடிகள் இயல்பாக வளர்ந்தன. இன்று சந்தையில் உள்ள இவ்வகைப் பாலிமர் பாக்டீரியாத் தொட்டியிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: இந்தப் பாலிமர் உணவில் கலந்தால் ஆபத்தா? மண்ணில் உண்மையிலேயே மட்குமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: மட்கும். மண்ணிலும் நீரிலும் உள்ள பல நுண்ணுயிர்கள் இதை உடைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. முதலில் கிடைக்கும் ஹைட்ராக்சிபியூட்டிரிக் அமிலம், நாம் பட்டினி கிடக்கும்போது நம் இரத்தத்திலேயே கூடுகிற பொருள். ஆகவே பாலிமரின் நச்சுத்தன்மையைவிட மரபணுக் கலப்பே என் கவலை. கடுகினப் பயிர்களின் மகரந்தம் பக்கத்து வயலுக்கும் காட்டு உறவினச் செடிகளுக்கும் போகும். உண்ணும் எண்ணெய்க்கு விளைவிக்கும் பயிரில் தொழிற்சாலைப் பொருளை விளைவிப்பதை, பயிரையும் அறுவடையையும் ஆலையையும் முற்றாகப் பிரித்துவைக்காத வரை, நான் ஆதரிக்க மாட்டேன். கரணை நட்டு வளர்க்கும் கரும்பில், விதைவழிப் பரவல் குறைவு என்பதால், இந்தச் சிக்கல் சிறியது.