வாங்கும் முன் கேளுங்கள்: பழைய லேப்டாப்பும் தூக்கம் கெடுத்த படமும்

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஏழு வயது. ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தால்தான் தயாராகிறது. விசிறி இரைச்சல் அடுத்த அறை வரை கேட்கிறது. புதிது வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உள்ளே கோப்புகளைச் சேமிப்பது சுற்றுகிற தட்டுள்ள ஹார்ட் டிஸ்கா, சில்லுகளால் ஆன வேகமான எஸ்எஸ்டியா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைத் தொட்டால் தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிற தட்டுதான். அது ஒவ்வொரு கோப்பாகத் தேடி எடுத்து வருகிறவரை மற்ற எல்லாம் வரிசையில் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமான ரேம் 4 ஜிபி என்றால், செருக இடம் இருந்தால் 8 ஆக்குங்கள். விசிறியில் அடைந்திருக்கும் தூசியை எடுத்து, சில்லின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். புது லேப்டாப்புக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசசரும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். உங்களுடையது அந்த எல்லையில்தான் நிற்கிறது. தேறவில்லை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஆனால் தானாக அணைந்து போகிறது, திரை மினுக்குகிறது, மதர்போர்டில் கோளாறு என்ற நிலை வந்துவிட்டால் அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

எதைச் செய்வதானாலும் இன்று இரவே கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் இரவு வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கிறது. வேலைக்குத் தடையில்லை. இன்னும் ஆறு மாதம் ஓட்டலாமா?

பதில்: ஒரு நாள்கூடக் கூடாது. அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி, அழுத்தாமல் குத்தாமல் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டு போங்கள்.

கேள்வி: 512 ஜிபி என்று வாங்கினேன். உள்ளே 476 தான் காட்டுகிறது. மீதியை எடுத்துக்கொண்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. இடம் அதேதான், அளவுகோல்தான் வேறு.

கேள்வி: மகளின் படிப்புக்காக ‘ஐ7, 8 ஜிபி, புதுப்பித்தது’ என்று விளம்பரம் செய்த லேப்டாப்பை வாங்கினேன். வீடியோ வகுப்பு ஓடும்போது இன்னொன்றைத் திறந்தால் நின்றுவிடுகிறது. உள்ளே ஐ7-3520எம் என்று இருக்கிறது. விற்றவரோ, ‘ஐ7 கேட்டீர்கள், ஐ7 தானே கொடுத்தேன்’ என்கிறார். தவறு என்னுடையதா?

பதில்: உங்களுடையது இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஐ7 என்பது இன்டெல் பிராசசர்களுக்குக் குடும்பப் பெயர் மாதிரி. அதை மட்டும் சொன்னால் தாத்தாவா பேரனா என்று எப்படித் தெரியும்? உங்கள் கையில் இருப்பது 2012-இல் வந்தது, இரண்டே கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் மூளை இரண்டே. 2016-இல் வந்த ஐ7-7500யு என்பதற்கும் இரண்டு கோர்தான். அடுத்த வருடமே வந்த ஐ5-8250யு நான்கு கோரோடு வந்தது. 2022-இல் வந்த ஐ3-1215யு என்பதில் ஆறு கோர். ஆக, புது ஐ3 ஒன்று பழைய ஐ7-ஐ எளிதாகத் தாண்டிவிடுகிறது. இது விற்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் முழு எண்ணைச் சொல்லாமல் ‘ஐ7’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

ஐ7, ஐ5 என்பதை அடுத்த சிறு கோட்டுக்குப் பின் வருகிற எண்ணில்தான் வயது இருக்கிறது. 3520 என்றால் 3-ஆம் தலைமுறை, 8250 என்றால் 8, 1215 என்றால் 12. கடைசி எழுத்து யு என்றால் மின்சாரம் குறைவாக எடுப்பது, எச் என்றால் அதிகம் எடுத்து அதிகம் உழைப்பது. 2023 டிசம்பரில் இன்டெல் ‘கோர் அல்ட்ரா’ என்று பெயரிடும் முறையையே மாற்றியது. அதனால் புதிதாக வாங்குகிறவர்களும் முழுப் பெயரையும் எழுதி வாங்கி, எந்த வருடம் வந்தது என்று தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். முழு எண்ணைச் சொல்ல மறுக்கிறவரிடம் வாங்கவே கூடாது.

இப்போது உங்கள் காரியம். விளம்பரம், பேசிய செய்திகள், ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். இனி போனில் பேசாதீர்கள், எழுத்தில் மட்டும் கேளுங்கள். விளம்பரத்தில் தலைமுறையும் வருடமும் மறைக்கப்பட்டன, வீடியோ வகுப்புக்கென்று சொல்லியே வாங்கினேன், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாள் குறித்துக் கேளுங்கள். இணையதளம் வழியாக வாங்கியிருந்தால் அவர்களிடமும், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் புகார் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

கேள்வி: தள்ளுபடி முடிய நான்கு நிமிடம் என்று கடிகாரம் ஓடியது, வாங்கிவிட்டேன். 4 ஜிபி ரேம், கூட்ட முடியாது என்கிறார்கள். போன வருடமும் இப்படித்தான் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

பதில்: போன வருடமும் இப்படியே என்றால், இந்த வருடம் அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடமாவது விவரப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டாமா? அந்தக் கடிகாரம் உங்களைப் படிக்கவிடாமல் செய்வதற்காகவே ஓடுகிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. எடை குறைவாக இருக்கிறதே என்று ஒன்றை வாங்கினேன். ரேம் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். நான் சரிபார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து, வாங்கி வைத்திருந்த ரேம் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, பத்துத் திருகாணியையும் கழற்றி அடிமூடியைத் திறந்தேன். அட்டையைச் செருகும் இடமே இல்லை. நான்கு கறுப்புச் சில்லுகள் போர்டோடு பற்றவைத்திருந்தன. ஸ்டோரேஜும் இஎம்எம்சி என்ற மலிவு வகை, அதுவும் பற்றவைத்ததே. ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

விவரத்தில் ‘எல்பிடிடிஆர்’ என்று இருந்தால் ரேம் பெரும்பாலும் பற்றவைத்தது. பிறகு மாற்ற முடியாதவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: ரேம், திரை, கீபோர்டு. உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் நாள் இன்னும் இருந்தால் இன்றே திருப்பி விடுங்கள். முடிந்துவிட்டது என்றால் என்னிடம் வேறு வழி இல்லை.

கேள்வி: புது லேப்டாப் வந்த அன்று இரவு, திரையும் ஒலியும் எப்படி என்று பார்க்க ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தேன். விடுமுறைக்குப் போகும் குடும்பத்தின் கதை என்று போட்டிருந்தது. பாதியில் ஒரு குழந்தைக்கு நடப்பதைக் காட்டினார்கள், என்னால் எழுதக்கூட முடியவில்லை. மூன்று நாளாகத் தூக்கமில்லை. கணவர் ‘சினிமாதானே’ என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள். பார்க்கத் தொடங்கிவிட்டால் வாடகையைத் திருப்பித் தருவது அரிது. ஆனாலும் ‘குறிப்பில் இருந்தது ஒன்று, படத்தில் இருந்தது வேறு’ என்று இரண்டு வரி எழுதுங்கள். யாருமே எழுதாவிட்டால் குறிப்பு மாறாது.

‘சினிமாதானே’ என்பவருக்கு என் அனுபவத்தைச் சொல்லுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கோப்புகள் புதியதற்கு நகலாகிக்கொண்டிருந்தன. முடிய இரண்டு மணி நேரம் என்று காட்டியது. அந்தப் புதியதிலேயே ஒரு படத்தைப் போட்டேன். போஸ்டரில் இரண்டு பிள்ளைகளும் ஒரு சைக்கிளும். இருட்டறை, காதில் இயர்போன், முகத்துக்கு இரண்டடியில் திரை. அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஒரு குழந்தை அழும் சத்தம் வெளியிலிருந்து வருவதாகத் தோன்றாது, மண்டைக்குள்ளேயே கேட்கும். சட்டென்று மூடியைச் சாத்திவிட்டேன். லேப்டாப் உறக்கத்துக்குப் போய்விட்டது, நகலும் பாதியில் நின்றது. காலையில் திறந்தால் நகல் 61 சதவீதத்தில் நிற்கிறது, பக்கத்தில் அதே காட்சி உறைந்து கிடக்கிறது. அதை மூட எனக்குக் கை வரவில்லை.

வயது முத்திரை யார் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லும். என்ன காட்டுகிறார்கள் என்பது அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். ஐஎம்டிபி தளத்தில் ‘பேரண்ட்ஸ் கைடு’ என்ற பகுதி இருக்கிறது. ‘டஸ் தி டாக் டை’ என்ற தளத்தில் நாய் சாகிறதா, குழந்தைக்குத் தீங்கு நேர்கிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் பார்த்தவர்களே பதில் போட்டிருப்பார்கள். பெற்றோருக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்காதீர்கள், நமக்கும் அது தேவைப்படுகிறது. பிடிக்காத படத்தைப் பாதியில் நிறுத்தலாம். காசு கொடுத்தோமே என்று முழுக்கப் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை.

சில வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். அப்புறம், திரையைச் சோதிக்கப் படம் தேவையில்லை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறங்களைத் திரை முழுக்க வைத்துப் பாருங்கள், செத்த புள்ளி இருந்தால் கண்ணில் பட்டுவிடும். ஒலிக்கு, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு போதும்.

கேள்வி: பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன். எல்லாவற்றையும் டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு, ‘ரீசெட் திஸ் பிசி’யில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் டேட்டாவைத் துடைக்கவும் ஒரு தேர்வு இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகும், சார்ஜரை மாட்டி வையுங்கள்.