முதலில் ஒரு வீடு: ஹூஸ்டன் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் ஹூஸ்டனில் வீடு இல்லாதவர்களுக்கு வீடு பார்த்துக் குடிவைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருடமாகக் கேஸ் மேனேஜராக, அதாவது ஒவ்வொருவருக்கும் கூடவே இருந்து உதவும் பொறுப்பாளராக இருக்கிறேன். தெருவில் படுக்கும் முன்னாள் படைவீரர்களைப் பற்றியும், ஹூஸ்டனில் வீடில்லாதவர்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்ததைப் பற்றியும் போன மாதம் எழுதியதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் பாலத்துக்கடியில் படுக்கிறார் என்பதை நம்பவே முடியவில்லை. பென்ஷன் கிடையாதா? (கோவையிலிருந்து ஒருவர்)

நம் ஊரில் எக்ஸ் சர்வீஸ்மேன் என்றால் பென்ஷன், கேன்டீன் கார்டு எல்லாம் நினைவுக்கு வரும். இங்கே பென்ஷனுக்குப் பொதுவாக 20 வருட சர்வீஸ் வேண்டும். நாலு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவருக்கு அது கிடையாது. முதுகில் அடி, இரவில் தூக்கம் வராது, வேலை போகும், மனைவியும் பிரிந்து போவார். கொஞ்ச நாள் நண்பன் வீட்டு சோபா, அப்புறம் கார், அப்புறம் தெரு. உதவி கேட்கவும் மனம் வராது. "என்னைவிடக் கஷ்டப்படுகிறவனுக்குக் கொடுங்கள்" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்!

அக்கா, ஹூஸ்டன் அப்படி என்னதான் வித்தியாசமாகச் செய்தது? (டாலஸ் தம்பி ஒருவர்)

தம்பி, இங்கே பணமும் ஆட்களும் முன்பே இருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சர்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும், ஷெல்டர் இன்னொன்று வைத்திருக்கும், படைவீரர் நலத்துறையிடம் மூன்றாவது ஒன்று இருக்கும். ஒரே மனிதர் நாலு இடத்தில் தன் கதையை முதலிலிருந்து சொல்லி நாலு படிவம் நிரப்புவார். தெருவில் இருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் வீட்டுக்குள் போக படிவம், சான்றிதழ் என்று 76 கட்டங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு 720 நாட்கள் ஆயின. இரண்டு வருடம்! அதற்குள் அவருடைய போன் நம்பர் மாறும், அடையாள அட்டை தொலையும், சில நேரம் ஆளே இருக்கமாட்டார்.

2012 வாக்கில் எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். நகராட்சி, ஹாரிஸ் கவுண்டி (ஹூஸ்டன் இருக்கும் மாவட்டம்), வீட்டுவசதி வாரியம், படைவீரர் நலத்துறை, தொண்டு நிறுவனங்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் 'தி வே ஹோம்' என்ற பெயரில் ஒரே அணியாயின. அன்றைய மேயர் அனீஸ் பார்க்கர் இதைத் தன் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டார். ஒரே பட்டியல், ஒரே நேர்காணல். யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்கு முதலிடம். 720 நாள் பிறகு 32 நாளாகக் குறைந்தது. 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 8,500 பேர் வீடில்லாமல் இருந்தார்கள். சமீப வருடங்களில் அது மூவாயிரத்துச் சொச்சம். இதுவரை 25,000 பேருக்கும் மேல் வீட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் அந்த ஒரே பட்டியல்தான் எல்லாம். அதில் ஒவ்வொருவரும் பெயரோடு இருக்கிறார். வாரக் கூட்டத்தில் "இந்த அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வந்ததா? யார் பொறுப்பு?" என்று கேட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

குடியை நிறுத்தாத ஆளுக்கு வீடு கொடுத்தால் உருப்படுவாரா?

இதைக் கேட்காதவர்களே இல்லை. முதலில் குடியை விடு, பிறகு வீடு என்பதுதான் பழைய முறை. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, சிகிச்சையெல்லாம் வீட்டுக்குள் போன பிறகு. அப்படிக் குடிபோனவர்களில் பெரும்பாலானோர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள், தெருவில் படுப்பவர் மாத்திரையை எங்கே வைப்பார்?

நான் குடிவைத்த ஒரு பெரியவர், வியட்நாமில் இருந்தவர். முதல் வாரம் கட்டிலில் படுக்கவே இல்லை. வாசல் கதவோரம் தரையில், காலணியைக் கழற்றாமல் படுத்தார். நாங்கள் அலமாரி நிறைய டின் உணவு அடுக்கிவிட்டு வந்திருந்தோம். மூன்றாம் நாள் போனால் ஒரு டின்னும் திறக்கப்படவில்லை. டின் திறக்கும் கருவியை வாங்கி வைக்க மறந்துவிட்டோம். அவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து என் கைப்பையில் ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு வருடம் கழித்து அவராகவே குடி சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தார்.

ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் கேட்டி (Katy) ஊரில் வாடகைக்கு விடும் வீடு ஒன்று இருக்கிறது. வவுச்சரில் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். வவுச்சர் என்பது வாடகைக்கு அரசு தரும் உதவி. குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் தருவார், மீதியை வவுச்சர் கட்டும். வீட்டைப் பரிசோதிக்க ஆள் வருவார், அதில் தேற வேண்டும். படைவீரர் வவுச்சராக இருந்தால் படைவீரர் நலத்துறையின் கேஸ் மேனேஜர் கூடவே இருப்பார். பைப் உடைந்தாலும் பக்கத்து வீட்டில் சத்தம் என்று புகார் வந்தாலும் நீங்கள் கூப்பிட ஒரு ஆள் உண்டு. டெக்சஸில் வீட்டு உரிமையாளர்கள் வவுச்சரை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டே வீடு கிடைக்காமல் அலைகிறார்கள்.

குழந்தைகளோடு காரில் தங்குபவர்கள்?

மனதை அதிகம் உலுக்குவது இதுதான். பெற்றோர் வெளியே சொல்லப் பயப்படுவார்கள், பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்று. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மெக்கின்னி-வென்டோ என்ற அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, வீடில்லாத பிள்ளையை ஆவணம் இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. பழைய பள்ளியிலேயே தொடரலாம், வண்டி வசதியும் கேட்கலாம். சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஆனால் அதே குடும்பம் வீட்டுவசதித் துறையின் கணக்கில் பெரும்பாலும் வீடற்றோராக வராது. அதனால் பள்ளியில் உதவி கிடைக்கும், வீட்டுக்கு வரிசையில் இடம் கிடைக்காது. இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

படைவீரர்களில் வீடில்லாதவரே இல்லை என்று 2015இல் அறிவித்தார்களே, இன்னும் தெருவில் பார்க்கிறேனே?

ஒருவர்கூட இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. புதிதாக ஒருவர் தெருவுக்கு வந்தால் உடனே கண்டுபிடித்துச் சீக்கிரம் வீட்டுக்குள் கொண்டுபோகும் ஏற்பாடு இருக்கிறது என்று பொருள். நியூ ஆர்லியன்ஸ் நகரம் 2015 ஜனவரியில் இப்படி அறிவித்தது, ஹூஸ்டன் ஜூனில். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், 2010இல் சுமார் 74,000 முன்னாள் படைவீரர்கள் வீடில்லாமல் இருந்தார்கள். 2024இல் சுமார் 33,000. அதே 2024இல் வீடில்லாத மொத்தப் பேர் 7,71,000ஐத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. படைவீரர்களுக்கு வவுச்சரும் ஆளும் கொடுத்தார்கள், எண்ணிக்கை குறைந்தது. மற்றவர்களுக்கு அந்த அளவு கொடுக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கம் மாதம் ஒருமுறை சாப்பாடு கொடுக்கிறது. வேறென்ன செய்யலாம்?

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கூடவே ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான் சேர்த்துக் கொடுங்கள்: மெத்தை, போர்வை, குளியலறைத் திரை, ஒரு பாத்திரம், ஒரு கத்தி, டின் திறக்கும் கருவி. ஜனவரிக் கடைசியில் வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கத் தன்னார்வலர்கள் வேண்டும். விடியற்காலையில் போய் "நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்பது சுலபமில்லை, ஆனால் வாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

பொதுவாக 211 என்ற உதவி எண். முன்னாள் படைவீரர் என்றால் 877-424-3838, இரவு பகல் எந்நேரமும். அவர் பேசத் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே டயல் செய்து, போனை அவர் கையில் கொடுங்கள்.