தூது போன பிள்ளை

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 24. சொந்த ஊர் ஈரோடு பக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கல்லூரியில் உடன் படித்த பெண்ணும் நானும் இரண்டு வருடங்களாக விரும்பினோம். சென்ற மாதம் அவள் விலகிவிட்டாள். வீட்டு எதிர்ப்பு இல்லை, வேறு யாரும் காரணமில்லை. "உன்னோடு சண்டைகூடப் போட முடியவில்லை" என்று மட்டும் சொன்னாள்.

அது உண்மைதான். அவள் ஏதாவது குறை சொன்னால் எனக்கு வாயடைத்துப் போகும். நெஞ்சு படபடக்கும், காதுமடல் சூடாகும். என்ன பேசினாலும் தப்பாகிவிடும் என்று தோன்றும். போனை அணைத்துவிடுவேன். இரண்டு நாள், மூன்று நாள், ஒருமுறை ஒன்பது நாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல "சாப்பிட்டாயா?" என்று செய்தி அனுப்புவேன். அவள் ஒரு நேர்காணலில் தேறாமல் அழுதுகொண்டே அழைத்தபோதும் என்ன சொல்வதென்று தெரியாமல் "சரி, விடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலும் இப்படித்தான். அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று அம்மா என்னிடம் சொல்வார். "பசியில்லை என்று சொல்" என்று அப்பாவும் என்னிடமே சொல்வார். இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

என் வயது நண்பர்கள் சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. எனக்கு மட்டும் மனம் வளரவில்லையா? இது பிறவிக் குணமா? மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதலாமா? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அங்கே யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. தூக்கமும் சரியாக இல்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

"இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்" என்ற வரிக்கு மேல் உடனே படிக்க முடியவில்லை. நானும் அப்படி ஒரு வீட்டில் தூது போனவள். எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து அடுக்களைக்கு ஏழெட்டு அடிதான். அந்த ஏழெட்டு அடிக்குள் அப்பாவின் சொல்லில் இருந்த சூட்டை ஆற்றிவிடுவேன். "உப்புப் போடக்கூடத் தெரியாதா என்று கேள்" என்று அவர் சொன்னால், "அப்பா கொஞ்சம் உப்புக் கேட்கிறார்" என்று அம்மாவிடம் சொல்வேன். அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். பிறர் கோபத்தை ஆற்றிக் கொடுக்கக் கற்றுக்கொண்ட எனக்கு, என் கோபத்தை எப்படிச் சொல்வது என்று மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை.

அதன் விலையை 23 வயதில் கொடுத்தேன். சென்னையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். பக்கத்து அறைத் தோழி ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள். சின்னச் சொல்தான். நான் பேச்சை நிறுத்தினேன். நான்காம் நாள் இரவு கொய்யாப்பழத்தைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, செய்தித்தாளில் வைத்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். காகிதத்தை ஜன்னல் திட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. காலையில் அதில் எறும்பு மொய்த்திருந்தது. இரண்டு மாதத்தில் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இன்றைக்கும் கொய்யா வாசனை எனக்கு ஆவதில்லை. இதைச் சொல்வது, காதலில் மட்டும் நடக்கிற விஷயம் இது இல்லை என்பதற்காகத்தான்.

நெஞ்சு படபடப்பதையும் காதுமடல் சூடாவதையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சியாட்டில் நகரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, தம்பதிகளை அங்கே வாக்குவாதம் செய்யவிட்டு அவர்களின் இதயத்துடிப்பைப் பல ஆண்டுகள் அளந்தார். சண்டையில் சுவர்போல் ஆகிவிடுபவர்கள் வெளியே அமைதியாகத் தெரிந்தாலும், உள்ளே அவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்படி வாயடைத்துப்போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த நிலையில் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது. உடல் தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார் காட்மன்.

20 நிமிடம் உங்கள் உடலுக்குத் தேவை. அதை அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருந்தது. ஒன்பது நாள் அப்படிப்பட்டது இல்லை, தம்பி. அச்சத்தால்தான் ஒதுங்கினீர்கள் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் போனுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அச்சமும் தண்டனையும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். தான் என்ன குற்றம் செய்தோம் என்று ஒன்பது இரவுகள் அவள் யோசித்திருப்பாள்.

பிறவிக் குணமா என்று கேட்கிறீர்கள். 1987-இல் சிண்டி ஹேசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரப் பத்திரிகை ஒன்றில், காதலில் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று வாசகர்களைக் கேட்டு, வந்த பதில்களில் 620-ஐ ஆராய்ந்திருந்தார்கள். ஏறக்குறைய நால்வரில் ஒருவர், யாரேனும் மிக நெருங்கி வந்தால் தனக்குச் சங்கடமாகிறது என்ற வகையில் சேர்ந்தார். நீங்கள் அபூர்வமான பிறவி இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். சிறுவயதில் வீட்டில் பார்த்த உறவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள், நல்ல நட்போ நல்ல துணையோ நல்ல மருத்துவரோ கிடைத்தால் இது மாறவும் செய்கிறது என்று காட்டின. என் அனுபவமும் அதுதான். எனக்கு மாற முப்பது வயது தாண்டியது.

நண்பர்களின் கல்யாணப் பத்திரிகைகளை வைத்து உங்கள் மனதை அளக்காதீர்கள். மனித வாழ்வைப் பருவம் பருவமாக ஆராய்ந்த உளவியலாளர் எரிக் எரிக்சன், இருபதுகளை நெருக்கத்துக்கும் தனிமைக்கும் இடையே நடக்கும் போராட்டம் என்றார். தன்னை ஓரளவு அறிந்தவரால்தான் தன்னை இழக்காமல் இன்னொருவரிடம் நெருங்க முடியும் என்பது அவர் கருத்து. தாலி கட்டியதால் அந்தப் போராட்டம் முடிந்துவிடுவதில்லை. உங்கள் பெற்றோரைப் பாருங்கள், அவர்களுக்கு இன்னும் முடியவில்லை.

நம் மொழியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அன்புள்ளவர்களுக்கு இடையே வரும் பிணக்குக்குப் பழந்தமிழில் படிப்படியாகச் சொல் இருக்கிறது. புலவி என்றால் இளம் பிணக்கு. ஊடல் அதைவிடக் கொஞ்சம் வளர்ந்தது. முற்றிப்போனால் துனி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று அறிந்தவர்கள் அந்தப் படியிலிருந்து இறங்கவும் அறிந்திருந்தார்கள். உங்களிடமோ எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது: "சரி, விடு." அவமானமா, பயமா, பொறாமையா, தோற்றுவிட்டோம் என்ற எண்ணமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதபோது மனிதர் எல்லாவற்றையும் கோபம் என்றோ களைப்பு என்றோ சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஆண்பிள்ளைகளை நாம் அப்படித்தான் வளர்க்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அந்தச் சண்டைகளைவிட, அவள் அழுதுகொண்டு அழைத்த அந்த மாலைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. உங்கள் மேல் அவளுக்கு அன்று எந்தக் குறையும் இல்லை. உங்களிடம் தீர்வும் கேட்கவில்லை. "ரொம்ப எதிர்பார்த்தாய், இல்லையா?" என்று கேட்டிருந்தால் போதும். பிறகு மணிக்கணக்காக அவளே பேசியிருப்பாள்.

இனி யாரோடு பிணக்கு வந்தாலும், அறைத் தோழரானாலும் அலுவலக மேலாளரானாலும், படபடப்பு தொடங்கியதும் இதைச் சொல்லிப் பழகுங்கள்: "எனக்கு இப்போது பேச வரவில்லை. எட்டு மணிக்கு நானே வந்து பேசுகிறேன்." எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். பேச்சு திக்கினாலும் பரவாயில்லை. கடிகாரத்தில் ஒரு மணியைக் குறித்துச் சொல்வதும், அந்த நேரத்துக்குப் போய் நிற்பதும்தான் முக்கியம். நான் இப்படித்தான் கற்றேன், என் கணவரிடம். முதல் சில தடவை அவரெதிரே போய் உட்கார்ந்து அழ மட்டும்தான் என்னால் முடிந்தது. ஆனால் போய் உட்கார்ந்தேன்.

தூக்கம் இல்லை என்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

அவளுக்கு எழுதலாமா? ஒருமுறை எழுதுங்கள். ஒன்பது நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள், அந்த நேர்காணல் மாலையையும் எழுதுங்கள். "ஏதாவது தவறு செய்திருந்தால்" என்று தொடங்காதீர்கள், செய்திருக்கிறீர்கள். திரும்பி வரச் சொல்லாதீர்கள், பதிலையும் கேட்காதீர்கள். அவள் பதில் எழுதாவிட்டால் மீண்டும் எழுத வேண்டாம். அவள் விரும்பும் மௌனம் அவளுடையது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள். எப்படியும் ஒருநாள் அந்த அறையில் பேச்சு நிற்கும். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று அம்மா உங்களிடம் சொல்வார். அப்போது எழுந்து போகாமல், "நீங்களே கூப்பிடுங்கள் அம்மா, இங்கேதானே இருக்கிறார்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா