நிலைவாசல் சின்னதா இருந்தா முற்றம் எப்படி முழுசா தெரியும்?

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு கானாடுகாத்தான். டெலஸ்கோப் செய்ய 16 இஞ்ச் மிரர் ஒண்ணு வாங்கிட்டேன், எஃப் 4.5 (குவிய தூரம் விட்டத்தைப் போல 4.5 மடங்கு). ஆச்சி வீட்டு மொட்டை மாடியில வச்சுப் பாக்குற மாதிரி டாப்சோனியன் (கையாலயே தள்ளித் திருப்புற டெலஸ்கோப்) செய்யணும்னு காரைக்குடி ஆசாரிகிட்ட பிளைவுட் வேலையும் குடுத்தாச்சு, மேல் கூண்டு உள்பக்கம் 18 இஞ்ச். செகண்டரி மிரர்லதான் குழப்பம், அதான் பெரிய மிரர்ல இருந்து வர்ற வெளிச்சத்தைப் பக்கவாட்டுல திருப்புற சின்னக் கண்ணாடி. நடுவுல நின்னு வெளிச்சத்தை மறைக்கும், அதனால 2.6 இஞ்ச் போதும்ங்கிறார் ஒருத்தர். போட்டோ எடுக்கணும்னா 4 வாங்குங்கிறார் இன்னொருத்தர். எதை வாங்க?

பதில்: 3.1 வாங்குங்க தம்பி. ஏன்னு கணக்கோட சொல்றேன், ஆசாரிகிட்டயும் ஒரு வேலை சொல்லணும்.

நம்ம ஊரு வீட்டு முகப்புல நின்னு உள்ள பாத்தா, நிலைவாசல் வழியா முற்றம், அதுக்கு அங்கிட்டு அடுத்த வாசல்னு நேரா தெரியும்ல? வாசலை ஒட்டி நின்னா முற்றம் முழுசும் தெரியும், பின்னாடி தள்ளித் திண்ணைக்கு வந்துட்டா நிலை மறைச்சு ஓரம் வெட்டுப்படும். அதேதான் இங்கயும். ஐபீஸ் (கண்ணை வச்சுப் பாக்குற லென்ஸ்) வைக்கிற இடம்தான் நீங்க நிக்கிற இடம், செகண்டரிதான் நிலைவாசல், 16 இஞ்ச் மிரர்தான் முற்றம். அதனால முதல்ல அளக்க வேண்டியது செகண்டரியில இருந்து போகஸ் (பிம்பம் விழுற இடம்) வரைக்கும் உள்ள தூரம். உங்க கூண்டுல பாதி 9 இஞ்ச், பலகை அரை இஞ்ச், போகஸர் (ஐபீஸை மாட்டி முன்னபின்ன நகத்துற குழாய்) உயரம் ஒரு 2, கொஞ்சம் முன்னபின்ன நகர இடம் 1, ஆக 12.5 இஞ்ச்னு வச்சுக்குவோம். அதை 4.5ஆல வகுத்தா 2.78 வருது. நட்ட நடு நட்சத்திரத்துக்கு மட்டும் மிரர் முழுசா தெரியணும்னாலே இவ்வளவு வேணும்.

இப்ப அந்த 2.6 ஆலோசனையப் பாருங்க. நிலை சின்னதாப் போச்சு, முற்றத்துல ஓரம் தெரியாது, 16 இஞ்ச்ல 15 இஞ்ச் அளவுக்குத்தான் வேலை செய்யும். மறைக்கிற பரப்புன்னு பாத்தா 2.6 மறைக்கிறது 2.6 சதவீதம், 3.1 மறைக்கிறது 3.75 சதவீதம். இந்த ஒரு சதவீத வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கப் போயி ஓரத்துல 12 சதவீதத்தைத் தூக்கி எறியிறதா, காசு குடுத்து வாங்குன கண்ணாடியில? 'மறைக்குது மறைக்குது'ன்னு பயப்படுறவங்க எல்லாம் பரப்பை யோசிக்காம விட்டத்தை மட்டும் பாக்குறாங்க. கோள் பாக்கும்போது கான்ட்ராஸ்ட் குறையும்ங்கிறது உண்மைதான், ஆனா 3.1னா விட்டத்துல 19 சதவீதம்தான், 20க்குள்ள இருந்தா வியாழன் பட்டையில வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். காத்து அசையிறதுதான் அதைவிடப் பெரிய எதிரி.

4 வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம், கையால தள்ளுற டாப்சோனியன்ல நீங்க நிலா, கோள் தாண்டி போட்டோ எடுக்கப் போறதில்ல. பெரிய சென்சார் கேமரா, தானா சுத்துற மவுன்ட் எல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம். வராத கேமராவுக்காக இன்னைக்கே விட்டத்துல 25 சதவீதம் மறைக்கணுமா?

இனி ஆசாரி சமாச்சாரம். 12.5 இஞ்ச்லயே 3.1 போட்டா போகஸ்ல விழுற பிம்பத்துல நடுவுல 10 மில்லிமீட்டர் வட்டத்துக்கு முழு வெளிச்சம் கிடைக்கும், கண்ணால பாக்குறதுக்கு அது போதும், அதுக்கு வெளிய மெதுவா மங்குறது கண்ணுக்கே தெரியாது. ஆனா உயரம் குறைஞ்ச போகஸர் வாங்கி, கூண்டையும் அரை இஞ்ச் ஒடுக்கி, எப்படியாவது ஒரு இஞ்ச் மிச்சம் பிடிச்சுட்டீங்கன்னா அதே 3.1 கண்ணாடியில 16 மில்லிமீட்டர் வட்டம் வந்துரும். உங்க மிரர்ல முழு நிலாவோட பிம்பமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால கண்ணாடியப் பெருசாக்குறதுக்கு முந்தி தூரத்தைச் சின்னதாக்குங்க.

ஒட்டும்போது ஒண்ணு மறந்துராதீங்க, செகண்டரிய நட்ட நடுவுல வைக்கக் கூடாது. போகஸருக்கு எதிர்ப்பக்கமா 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, கீழ பெரிய மிரர் பக்கமும் அதே அளவு தள்ளணும். விட்டத்தை எஃப் நம்பரோட நாலு மடங்கால வகுத்தா வர்ற கணக்கு இது. அப்புறம் மார்கழிப் பனியில செகண்டரி வேர்த்துரும், பழைய துணி எடுத்துத் தேய்ச்சுராதீங்க, ஒரு சின்ன ஃபேன் போதும்.

கேள்வி: நடுவுல ஒரு கண்ணாடி நிக்குதுன்னா நிலாவுக்கு நடுவுல ஓட்டை தெரியாதா? (தேவகோட்டை வாசகி)

பதில்: தெரியாதும்மா. மிரர்ல ஒவ்வொரு துண்டும் முழு நிலாவையே காட்டும், பாதி மிரரைத் துணி போட்டு மூடினாலும் முழு நிலாதான் வரும், மங்கலா வரும், அவ்வளவுதான். போகஸை விட்டு நகத்தினா மட்டும் நட்சத்திரம் நடுவுல கறுப்புப் புள்ளியோட வடை மாதிரி விரியும். பகல்ல குன்றக்குடி கோபுரத்தை ரொம்பக் குறைஞ்ச பவர்ல பாத்தாலும் நடுவுல ஒரு நிழல் ஆடும், வெயில்ல நம்ம கண்மணி சுருங்கிடுறதால. பகல்ல பாக்குறப்போ சூரியன் பக்கம் மட்டும் குழாயத் திருப்பிராதீங்க, பிள்ளைகளையும் தனியா விடாதீங்க.