கல்லூரி மாணவர் வாழ்க்கை தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறியிருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுபவர்களில் பலர் முதலில் கைப்பேசியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினர் சென்னையில் கல்லூரிக்குப் போயிருக்கிறோம். அப்பா படித்தது 1964 முதல் 1968 வரை. நான் 1991 முதல் 1994 வரை. மகள் 2023-இல் பொறியியல் சேர்ந்து இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். மூவரின் கதையையும் சேர்த்துக் கேட்டவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு மாணவர் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி மாலையில் திரும்பும்வரை உள்ள நேரத்துக்கு யார் கணக்குக் கேட்கிறார்கள் என்பதே பெரிய மாற்றம். அதைக் கொண்டுவந்ததில் கைப்பேசியைவிடத் தேர்வு முறைக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு, தங்கள் மகள் இன்று முதல் பாடவேளைக்கு வரவில்லை என்று கல்லூரியிலிருந்து என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஆறே முக்கால் மணிக்குத் தெருமுனையில் கல்லூரிப் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டு வந்தவளே நான்தான் என்பதால் எனக்குப் பகீரென்றது. மூன்று முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா, விஷயம் என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு பீரியட் போகலைன்னா வீட்டுக்குத் தகவலா? எங்கப்பாவுக்கு நாலு வருஷத்துல ஒரே ஒரு கார்டுதாம்மா போச்சு, அதுவும் மெஸ் பாக்கிக்காக" என்றார்.

அப்பா மதுராந்தகத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அப்போது பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதன்பின் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு, பிறகு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. மேல்நிலைப் பள்ளி முறை 1978-இல் வந்த பிறகே அந்தப் பி.யூ.சி. வகுப்பு கல்லூரிகளிலிருந்து மறைந்தது. ஆகவே அவர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது வயது பதினாறு. சேப்பாக்கத்தில் விக்டோரியா விடுதியில் அறை, கல்லூரிக்கு எதிரே கடற்கரை, கையில் காசு இருக்கும் நாள்களில் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லியும் அது மூழ்கும் அளவுக்குச் சாம்பாரும் என்று அவர் சொல்லும் கதைகளில் வகுப்பறை மிகக் குறைவாகவே வரும். வருகைப்பதிவு அன்றும் இருந்தது. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரர் குரலை மாற்றி 'எஸ் சார்' சொன்னால் காரியம் முடிந்தது. பட்டத்துக்கான தேர்வைப் பல்கலைக்கழகம் ஆண்டின் கடைசியில் நடத்தும். கல்லூரிக்குள் எழுதும் சோதனைகளின் மதிப்பெண் அதில் சேராது. ஜூலை முதல் ஜனவரி வரை ஒரு மாணவர் என்ன செய்தார் என்பதை யாரும் மதிப்பெண்ணாக மாற்றவில்லை.

அந்த ஓய்வான மாதங்களில் அவர் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேதியியல் பாடநூல்கள் விலைக்கு வாங்க முடியாதவை. நூலகத்தில் ஒன்றோ இரண்டோ பிரதிகள்தான் இருக்கும். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் (1985-இல் தீக்கிரையாகும்வரை பழைய புத்தகங்களுக்குச் சென்னையில் அதுதான் காசி) கிடைத்ததை வாங்கிக்கொள்வார்கள். கிடைக்காத நூலை விடுதியில் நான்கு பேர் அத்தியாயம் பிரித்துக்கொண்டு கையால் படியெடுப்பார்கள். படங்களை வரையும் பொறுப்பு எப்போதும் அப்பாவுக்கு. அந்த நோட்டுகளில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. நீல மசி பழுப்பேறிவிட்டாலும் வாலை வடித்தல் படத்தில் குடுவையின் கழுத்து வளைவு அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்.

1965 ஜனவரியில் மொழிப்போராட்டம் வெடித்தபோது அவர் பி.யூ.சி. மாணவர். கல்லூரிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆனாலும் ஆண்டுத் தேர்வு முறையில் அந்த வாரங்களை எளிதாக ஈடுகட்ட முடிந்தது என்கிறார். அந்தப் போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தலைமுறை மாணவர்களின் கொள்கைப் பற்றைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அவர்கள் கையில் இருந்த நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தபோது நானும் ஒரு மாலை போய்ப் பார்த்தேன். கூட்டத்தைச் சேர்த்தது அதே கைப்பேசிதான் என்பதால் அதை முழுக்கத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அடுத்த வீட்டுப் பையனும் அங்கே இருந்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. இத்தனை நாள் போனால் 75 சதவீத வருகைப்பதிவு தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் அவன் முழக்கம் இட்டான்.

என் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. 1978-லேயே லயோலா, மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றுவிட்டன. பாடத்திட்டம், தேர்வு, உள்மதிப்பீடு எல்லாம் மெல்ல மெல்லக் கல்லூரிகளின் கைக்கு வந்துகொண்டிருந்தன. நான் படித்த மகளிர் கல்லூரியில் செமஸ்டரும் இன்டர்னலும் இருந்தன என்றாலும், அவை எங்களை அவ்வளவாக அச்சுறுத்தவில்லை. என் நேரத்தை அளந்தது கல்லூரி அன்று, வீடு. குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு மீட்டர் கேஜ் மின்சார ரயில், கையில் சீசன் டிக்கெட், மாலை ஐந்து நாற்பது வண்டியில் ஏறி ஆறரைக்குள் வாசலில் செருப்பைக் கழற்றியாக வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருப்பார். நான்கு வருடம் ஊர் சுற்றியதை வாய் ஓயாமல் சொன்ன அதே அப்பா! தாம் அனுபவித்த நேரம் மகளுக்கும் உரியது என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஊர் கெட்டுக்கிடக்கிறது என்றிருப்பார். அது முழுப் பொய்யும் அன்று. 1998-இல் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் வம்பு செய்தவர்களால் உயிரிழந்த பிறகுதான், பெண்களைச் சீண்டுவதைத் தடுக்க இந்த மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பும் பேருந்தில் பின்படிப் பக்கம் போகக்கூடாது, கையில் ஊக்கு இருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிராத பாடங்கள்.

ஆகவே எங்களுக்கென்று கிடைத்த நேரம் ரயிலில்தான் இருந்தது. மகளிர் பெட்டியில் ஒரே இடத்தில், ஒரே முகங்களோடு, போகவர முக்கால் முக்கால் மணி நேரம். மாம்பலத்தில் ஏறும் பூக்காரம்மா மடியில் கூடையை வைத்துக் கட்டத் தொடங்கினால் சைதாப்பேட்டை, கிண்டி என்று நிலையங்கள் கழியக் கழியச் சரம் நீளும். பல்லாவரத்துக்குள் பாதிப் பெட்டியின் தலையில் பூ ஏறிவிடும். ஒருத்தியின் நோட்டை வாங்கி எழும்பூர் ஜெராக்ஸ் கடையில் படியெடுத்து மறுநாள் அதே பெட்டியில் திருப்பிக் கொடுப்போம். நூலகம் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கூடுதலாக வெளியில் இருக்க விரும்பினால் கன்னிமாரா உதவியது. சில நாள் உண்மையாகவே நூலகத்துக்கும் போனோம். அந்த மீட்டர் கேஜ் வண்டி 2004 ஜூலையில் நின்றுபோனது. அதில் உடன் வந்த மூவரோடு இன்றும் வாரம் ஒருமுறை பேசுகிறேன். என் வகுப்புத் தோழிகளில் ஒருத்தியோடுகூட அப்படித் தொடர்பில்லை.

மகளின் நாளைப் பார்க்கிறேன். கல்லூரிப் பேருந்தில் போகவர மூன்று மணி நேரம். அதில் பாதித் தூக்கம். பாடக்குறிப்புகளைத் தேடி அவள் யாரிடமும் போக வேண்டியதில்லை, எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக வந்து விழுகின்றன. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் எழுத்துப் பாடத்துக்கு உள்மதிப்பீடு 20, இறுதித் தேர்வு 80 என்று இருந்தது, 2021 விதிமுறையில் 40-க்கு 60 என்றாகிவிட்டது. நூற்றில் நாற்பது மதிப்பெண் வகுப்பு ஆசிரியரின் கையில் இருக்கும்போது ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஒரு சோதனை, ஒரு அசைன்மென்ட், ஒரு செமினார் வந்துகொண்டே இருக்கிறது. இவற்றோடு மாநில அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டப் பாடங்களும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு மேல் பிளேஸ்மென்ட் பயிற்சி. ஆண்டு முடிவில் மூன்று மணி நேரத்தில் ஒருவரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதைவிட இது நியாயமான முறை என்று கல்வியாளர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்த நியாயத்துக்கு மாணவர்கள் கொடுக்கும் விலை அவர்களுடைய வெற்று நேரம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் குறையாக மட்டும் எழுதினால் அநியாயமாகிவிடும். அப்பாவின் வேதியியல் வகுப்பில் தமக்கு முன் யாரும் பள்ளியே முடிக்காத வீட்டிலிருந்து வந்தவர்கள் இருவர்தான் என்கிறார். மகளின் நெருங்கிய தோழி திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் பெற்று, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்த, மாதம் 1,000 ரூபாய் 'புதுமைப் பெண்' உதவித்தொகையில் தன் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறாள். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதுவரை உள்ளோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்போர் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அந்தப் பெண்ணின் தாய்க்கும் எனக்கு வந்ததைப் போலவே குறுஞ்செய்தி போகும். அவர் கல்லூரி வாசலை ஒரே ஒரு முறை, சேர்க்கையன்று, பார்த்தவர். அவருக்கு அந்தச் செய்தி கண்காணிப்பாகப் படவில்லை. மகள் பத்திரமாக இருக்கிறாள் என்பதற்கான அத்தாட்சியாகப் படுகிறது. எனக்கு எரிச்சலூட்டும் ஏற்பாடு அவருக்கு நிம்மதி தருகிறது என்றால், அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்று மாலை மகள் வீடு திரும்பியதும் நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, எங்கே போயிருந்தாய் என்று ஆவலாகக் கேட்டார். மகாபலிபுரம் என்றோ, குறைந்தபட்சம் ஏதாவதொரு சினிமா தியேட்டர் என்றோ பதில் வரும் என எதிர்பார்த்தார் போலும். அவள் முதல் பாடவேளை முழுவதும் நூலகத்தின் கடைசி மேசையில், கைப்பேசியை அணைத்துவிட்டு, இரண்டாம் பாடவேளையில் கொடுக்க வேண்டிய ஆய்வக ரெக்கார்டை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கட் அடிச்சிட்டு ரெக்கார்டா எழுதின?" என்றார் அப்பா, பெரும் ஏமாற்றத்தோடு.

"மார்க் போயிடும் தாத்தா. இன்னும் நாலு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, மின்சுற்றுப் படங்களைப் புரட்டிப் பார்த்து, பென்சில் சரியில்லை என்று குறை சொல்லி, என்னைக் கடைக்கு அனுப்பி எச்.பி. பென்சில் வாங்கிவரச் செய்தார். அந்த வார இறுதியில் நான்கு படங்களையும் அவரே வரைந்து முடித்தார்.