கோன் டாவ் சிறைத்தீவு: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, வியட்நாமில் ஆறு நாள்தான் இருப்போம். ஹனோயிலேயே ஹோவா லோ சிறை இருக்கும்போது தீவு வரை போகணுமா?

பதில்: போகலாம். ஹோவா லோவின் பெரும்பகுதியை 1990களில் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். தெற்கு வியட்நாமின் கடலில் இருக்கும் கோன் டாவ் தீவில் பழைய சிறைகள் அப்படியே நிற்கின்றன. ஹோ சி மின் நகரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கப்பலும் உண்டு. ஆனால் வருடக் கடைசியில் வாடைக்காற்று அடிக்கும்போது அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: புலிக்கூண்டு என்கிறார்களே, புலி வளர்த்தார்களா?

பதில்: அடைத்தது மனிதர்களை. அப்போது வியட்நாமை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1940இல் கட்டிய 120 அறைகள். மேலே கூரைக்குப் பதில் இரும்புக் கம்பி, அதற்கும் மேலே காவலர்கள் நடக்கும் பாதை. யாராவது குரல் கொடுத்தால் சுண்ணாம்புத் தூளைக் கொட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, அமெரிக்கா ஆதரித்த தெற்கு வியட்நாம் அரசும் அதையே வைத்துக்கொண்டது. முதலில் கீழே ஓர் அறைக்குள் நின்று நிமிர்ந்து பாருங்கள், அப்புறம் படியேறுங்கள். எல்லாரும் நேரே மேலே போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

கேள்வி: இது வெளியே எப்படித் தெரிந்தது?

பதில்: 1970 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் வந்தார்கள். கூட வந்தவர்கள் உதவியாளர் டாம் ஹார்கினும் மொழிபெயர்ப்பாளர் டான் லூஸும். விடுதலையான ஒரு கைதி வரைந்து கொடுத்த வரைபடம் அவர்களிடம் இருந்தது. காய்கறித் தோட்டத்தை ஒட்டிய சின்னக் கதவு ஒன்று அதில் குறித்திருந்தது. அங்கே நின்று கேட்டதும் சிறை அதிகாரி மழுப்பினார். அவர் குரல் கேட்டு, உள்ளே இருந்த காவலரே கதவைத் திறந்துவிட்டார்! ஹார்கின் எடுத்த படங்கள் லைஃப் இதழில் வந்தன. அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்கப் பணத்தில் புதிதாக 384 தனி அறைகள் கட்டினார்கள். ஃபூ பின் முகாம் அதுதான். அதையும் பாருங்கள்.

கேள்வி: அரசு நடத்தும் அருங்காட்சியகம்தானே, நம்பலாமா சார்?

பதில்: கட்டடமும் கால்விலங்கும் பொய் சொல்லாது. விளக்கப் பலகைகள் 1975இல் போரில் வென்ற கம்யூனிஸ்டுகள் தரப்பு எழுதியவை. அதற்குப் பிறகு புதிய அரசு தோற்ற தரப்பினரை அடைத்துவைத்த மறுகல்வி முகாம்களைப் பற்றி அங்கே தேட வேண்டாம். அறைகளில் வைத்திருக்கும் கைதி பொம்மைகள் எனக்கு அதிகமாகவே பட்டன, வெறும் அறையே போதும்.

கேள்வி: இரவில் கல்லறைக்குப் போகிறார்களாமே, பயமில்லையா?

பதில்: ஹாங் டுவோங் கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம் இருக்கும், பயத்துக்கு இடமே இல்லை. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய வோ தி சாவ் என்ற பெண்ணின் சமாதிக்குத்தான் அத்தனை பேரும். 1952இல் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுக் கொன்றபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. வெள்ளைப் பூ, சீப்பு, கண்ணாடி வைத்து வேண்டிக்கொள்கிறார்கள், நம் ஊர்க் கன்னித் தெய்வத்துக்குப் படைப்பதுபோல. கம்யூனிஸ்ட் கட்சியின் வீராங்கனை மக்களுக்குச் சாமியாகிவிட்டாள். அரைக்கால் சட்டையோடு மட்டும் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

பதில்: புலிக்கூண்டுக்கு வேண்டாம். பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துவிட்டு வாருங்கள், அவன் கடற்கரையில் விளையாடட்டும். மதிய இடைவேளையில் சிறைகளைப் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள்.