பெட்டிக்குள் இரண்டு மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஹூகோ குரோஷியஸை சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொள்ளைக்கு நியாயம் கற்பித்துக் கூலிக்கு எழுதியவர்தானே? தூதராகவும் தோற்றவர். அவரை ஏன் படிக்க வேண்டும்? எதில் தொடங்குவது?

ர.

அன்புள்ள ர.,

மூன்று மாதமாக எனக்கும் குரோஷியஸோடுதான் பொழுது போகிறது. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்த இரவே உட்கார்ந்துவிட்டேன்.

கூலிக்கு எழுதினார், உண்மை. 1603-ல் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர்கள் பிடித்த சாண்டா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலின் சரக்கு 30 லட்சம் கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) மேல் விலைபோனது. அதற்குச் சட்டம் சொல்லத்தான் 21 வயது வக்கீலைக் கம்பெனி பிடித்தது. அவர் எழுதியதில் ஒரு அத்தியாயம் மட்டும் 1609-ல் 'சுதந்திரக் கடல்' என்று, ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. கடல் எவருக்கும் சொந்தமில்லை என்றவர், 1613-ல் லண்டன் போய் மசாலாத் தீவு வணிகத்தில் ஆங்கிலேயருக்குப் பங்கில்லை என்று வாதாடினார். அவர்கள் அந்தப் புத்தகத்தையே எடுத்து அவர்முன் நீட்டினார்கள். எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் 21 வயதில் எழுதியதைக் கொண்டு, 62 வயதுவரை வாழ்ந்தவரின் கணக்கை முடித்துவிட்டீர்களே! நாளைக்குக் கறுப்புக் கோட்டு போடப்போகிறவர், பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்பெழுதலாமா?

தூதர் வேலை கிடக்கட்டும். சுவீடனுக்காகப் பத்தாண்டு பாரிஸில் இருந்தார், பிரான்ஸின் முதலமைச்சர் ரிஷெல்யூவுக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் தொடாமலே விட்டது அந்தப் பெட்டியை. 1618-ல் உள்நாட்டு அரசியல் மோதலில், டச்சுப் படைத்தலைவரான இளவரசர் மவுரிட்ஸின் கட்சி குரோஷியஸைக் கைதுசெய்தது. அவரை வளர்த்துவிட்ட முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை மறுவருடம் வெட்டப்பட்டது. இவருக்கு லூவஸ்டைன் கோட்டையில் ஆயுள் சிறை. மனைவி மரியா கூடவே போய் இருந்தாள். படிக்கப் புத்தகங்கள் பெட்டியில் வரும், படித்தவை அதே பெட்டியில் திரும்பும். காவலர்கள் நாளடைவில் அதைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அதைக் கவனித்தது அவரில்லை, மரியா. அசையாமல் உள்ளே படுத்திருக்க அவரைப் பழக்கினாள், இரண்டு மணி நேரம் வரை.

சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது தாத்தாவின் மரப்பெட்டிக்குள் ஒளிந்தேன். அந்துருண்டை நெடி, முழங்கால் மோவாயில் இடிக்கிறது, மூச்சு என் முகத்திலேயே சூடாக அடிக்கிறது. ஐந்து நிமிடம் இருந்திருப்பேனா? அம்மா மூடியைத் தூக்கியபோது அழுதுகொண்டிருந்தேன். அதனால்தான் 1621 மார்ச் 22-ஐப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெட்டி கனக்கிறதே என்று வீரர்கள் முணுமுணுக்கிறார்கள். மரியா கட்டிலின் திரையை இழுத்துவிட்டு, கணவர் நோயாகப் படுத்திருப்பதாகக் காட்டிக்கொண்டு கோட்டையிலேயே தங்கிவிடுகிறாள். அகப்பட்டால் அவள் கதி என்ன? பணிப்பெண் எல்ஸ்யே, இருபது வயதுச் சின்னப்பெண், படகில் பெட்டியோடு பக்கத்து ஊரான கோரிங்கெம் போகிறாள். அங்கிருந்து அவர் கொத்தனார் வேடத்தில் தப்பி, பாரிஸ் சேர்கிறார்.

1625-ல் அங்கேதான் 'போர், அமைதி ஆகியவற்றின் சட்டம்' வெளிவந்தது. காட்டுமிராண்டிகளும் வெட்கப்படும் அளவுக்குக் கிறிஸ்தவ நாடுகள் தறிகெட்டுப் போரிடுவதைக் கண்டேன் என்று அதன் முன்னுரையில் எழுதுகிறார். ஐரோப்பாவை அழித்த முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்த முன்னுரையில் தொடங்குங்கள், தம்பி. 'சுதந்திரக் கடல்' பிறகு.

கட்டுரை எழுதினால் எனக்கு அனுப்புங்கள். மரியாவும் எல்ஸ்யேயும் அதில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.